கூரைத் தண்ணீரும் என் செப்புக் குடமும்

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள். வளர்த்து அனுப்பிய மீன்களுக்கு என்னிடம் கணக்கு இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே பண்ணையில் நின்றவளிடம் அதைக் கேட்கவும் கூடாது.

மீன் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தீன் போடுவது, தொட்டி கழுவுவது எல்லாம் உங்களுக்கு அங்கேயே காட்டித் தருவார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே உங்களுக்கு ஒரு பகிடி சொல்லியிருப்பார்கள். முன்பு இங்கே ஒரு தமிழ்ப் பொம்பிளை நின்றாளாம், சாமிக் குடத்தைத் தொட்டிக்குள் போட்டு அந்த வருடத்து மீனை வளரவிடாமல் பண்ணிவிட்டாளாம். கோயிலில் அன்னதானத்துக்கு நிற்கும்போது ஒருவர் இதையே என் காதுபடச் சொல்லிச் சிரித்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியாது.

அந்தப் பொம்பிளை நான்தான். குடத்தை வைத்ததும் உண்மை, மீன் வளராததும் உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை ஒருவரும் சொல்வதில்லை. இத்தனை வருடம் போயும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மீன்பிடிக் குடும்பமும் இல்லை. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் மச்சம் ஏறாது. ஊஸ்டர் பட்டினத்தில் இருந்து பஸ் பிடித்துக் கடைசித் தரிப்பில் இறங்கி, மேட்டில் நடந்து போனால் அந்தப் பண்ணை. ஃபொரெல்லே என்று இங்கே சொல்லும் ஆற்று மீனை ஊற்றுத் தண்ணீரில் வளர்ப்பார்கள். அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை செய்த ஒரு இத்தாலிக்காரர்தான் தொழிலைக் காட்டித் தந்தார். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவு. அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

"தீனைப் போட்டதும் பாய்ஞ்சு வாற மீனைப் பாராதை" என்பார். "வராமல் பின்னுக்கு நிக்கிறதைப் பார். அதுதான் உனக்குக் கதை சொல்லும்."

அதை நான் பிடித்துக்கொண்டேன். தீன் அட்டவணையில் உள்ள எழுத்து எனக்கு வாசிக்க வராது. என் மகள் அதைக் கோப்பைப் படமும் கோடுமாக வரைந்து தந்திருந்தாள். ஒரு நாளும் பிழை விட்டதில்லை. குஞ்சு வளர்கிறதா என்று பார்க்க என் சுட்டு விரல் போதும். இந்த மாதம் முதல் கணு, அடுத்த மாதம் இரண்டாம் கணு. தராசில் நிறுத்து எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே நான் சொல்லிவிடுவேன்.

ஒரு வசந்த காலத்தில் எங்கள் செஃப், முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம், பண்ணை வாசலில் கடையும் சாப்பாட்டு இடமுமாக ஒரு புதுக் கட்டடம் கட்டினார். அதற்குக் கூரை முழுக்கச் செப்புத் தகடு. வெயிலில் பார்த்தால் கோயில் கலசம் போலத் தகதகக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். செப்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் என் பிள்ளைகளுக்கும் பருக்கினேன்.

அந்தக் கோடை சரியான வறட்சி. ஊற்று மெலிந்துவிட்டது. மேலே ஊற்றுத் தண்ணீர் வந்து சேரும் தொட்டி ஒன்று இருந்தது. புதுக் கூரை ஓரத்துப் பீலியில் வழிந்து வரும் தண்ணீரை ஒரு குழாயால் அதற்குள் திருப்பிவிட்டார் செஃப். எப்போதாவது இடி மழை கொட்டினால் கூரையில் விழுவது எல்லாம் அங்கே வந்து சேரும். அந்தத் தொட்டியில் இருந்துதான் புதுக் கொட்டிலில் உள்ள ஆறு குஞ்சுத் தொட்டிக்கும் தனித்தனிக் குழாயால் தண்ணீர் போகும். பழைய கொட்டிலில் இருந்த இரண்டு தொட்டிக்கும் அது போகாது. அவற்றுக்கு நேரே ஊற்றில் இருந்து வரும்.

செஃப் குழாயைப் பூட்டும்போது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நல்ல தண்ணி" என்று நானே அவருக்குச் சொன்னேன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். என் பிழை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு ஆறு தொட்டியிலும் குஞ்சு நின்றுபோனது. சாகவில்லை. செத்திருந்தால் உடனே ஆள் வந்திருக்கும். வளராமல் நின்றது. தீனைப் போட்டால் மெல்ல வரும், வாயில் எடுக்கும், துப்பும். மழை பெய்த அடுத்த நாள் முழுக்கத் தொட்டிக் கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் கணுவுக்கு வந்திருக்க வேண்டியது முதல் கணுவைத் தாண்டவில்லை. பழைய கொட்டிலில் இருந்த இரண்டு தொட்டியிலும் அதே முட்டையில் பொரித்த குஞ்சு வாளிப்பாக வளர்ந்தது.

செஃப் தராசுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீ தீன் குறைச்சுப் போடுறாய்."

"இல்லை. அட்டவணைப்படிதான் போடுறன்."

"அட்டவணையை உனக்கு ஆர் வாசிச்சவை?"

இதை இத்தாலிக்காரருக்கு முன்னால் வைத்துக் கேட்டார். நான் மகள் வரைந்த தாளைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் பார்த்துச் சிரித்தார், தீனைக் கூட்டிப் போடச் சொன்னார். கூட்டிப் போட்டேன். குஞ்சு தின்னாமல் விட்டது அடியில் கிடந்து ஊறி நாறியது. அதையும் நான்தான் உறிஞ்சி எடுத்தேன்.

கடைசியில் கன்ரோன் அரசாங்கத்தில் இருந்து மீன் வைத்தியர் வந்தார். இளம் பெண். ஆறு தொட்டியிலும் குஞ்சுகளை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார். மழை இல்லாத நாள் அது. தண்ணீரும் கொஞ்சம் எடுத்தார். பிறகு தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தண்ணியிலை, தீனிலை, மருந்திலை ஏதும் புதுசா மாறினதோ?"

செஃப் இல்லை என்றார். அந்தப் பெண் விடாமல் என்னையும் பார்த்தார். "நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் நிக்கிறியள். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

நான் இல்லை என்றேன்.

ஒருவருக்கும் பயந்து சொன்ன இல்லை அல்ல அது. செப்புத் தகட்டில் ஓடி வரும் தண்ணீர் நல்லது என்று என் மனதில் இருந்தது. நல்லதை எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் கேட்டது மாறினது என்ன என்று. கெடுதி என்ன என்று கேட்டதாக நினைத்து நான் பதில் சொன்னேன். பிள்ளைகளே, இதுதான் நான் செய்த பிழை. குடம் அதற்குப் பிறகு.

அடுத்த வெள்ளிக்கிழமை. முடிவு இன்னும் வரவில்லை. குஞ்சுகளைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சாமி அறையில் இருந்த சின்னச் செப்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, பையில் கொண்டுபோய், முதல் தொட்டியில் தண்ணீர் விழுகிற மூலையில் இறக்கி வைத்தேன். தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று நம்பினேன். இத்தாலிக்காரர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"மாதாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று பகிடி விட்டார்.

"கொண்டு வாங்கோ, ரெண்டாம் தொட்டி அவவுக்கு" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. குஞ்சுகளின் ஈரலிலும் செவுளிலும் செம்பு ஏறியிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று பண்ணை விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்ததாம். செஃப் நேரே கொட்டிலுக்குப் போனார். கடைசித் தொட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து துழாவி, முதல் தொட்டியில் என் குடத்தை எடுத்தார். தண்ணீர் ஒழுக ஒழுக அதைக் கொண்டுவந்து புதுக் கட்டடத்தில் இருந்த தன் அலுவலக மேசையில் வைத்தார். அரை மணித்தியாலம் கழித்து என்னைக் கூப்பிட்டார். இத்தாலிக்காரரையும் கூப்பிட்டார். மொழிபெயர்க்கச் சமையலறையில் இருந்து ரவியையும் கூப்பிட்டார். ரவி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும், கடையில் சமையல் வேலை. என்னை அக்கா என்பார்.

மேசையில் ஒரு தாள் தட்டெழுத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

இங்கே என் நிலைமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனிசன் இடுப்பு ஏலாமல் வீட்டில் இருந்தார். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம். எங்களுக்கு அப்போது எஃப் விசா, தற்காலிகமாகத்தான் இருக்கலாம். அதை வதிவிட உரிமை தரும் பி விசாவாக மாற்ற அந்த வருடம்தான் மனுப் போட்டிருந்தோம். வேலையில் ஒழுங்காக நிற்கிறாள் என்று செஃப் கடிதம் தந்தால்தான் மனு நகரும். தன் பிழையால் பண்ணையைக் கெடுத்தவள் என்று கையெழுத்து வைத்தால் வேலையும் போகும், மனுவும் போகும். கையெழுத்து வைக்காவிட்டால் அவர் கடிதம் தரமாட்டார். இது மூன்று பேருக்கும் தெரியும்.

ரவி மெதுவாகச் சொன்னார். "அக்கா, வையுங்கோ. பிரச்சினையைப் பெருப்பிக்காதேங்கோ. சும்மா, நடந்தது எண்டுதான் எழுதியிருக்கு."

"நடந்தது எண்டால் வாசியும்."

"நான்தானே சொல்லுறன்."

"நீர் சொல்லுறது வேறை, தாள் சொல்லுறது வேறை. ஒவ்வொரு சொல்லா வாசியும். எனக்கு அவசரம் இல்லை."

செஃப் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ரவி சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. "எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத் தாள் வாசிச்சுக் காட்டோணுமோ?"

"தெரியாதவளுக்குத்தான் வாசிச்சுக் காட்டோணும்" என்றேன். அதை ஜெர்மனிலேயே சொன்னேன். பிழையான ஜெர்மன்தான், ஆனால் விளங்கியது.

ரவி வாசித்தார். நான் கதிரையில் இருந்து கண்ணை மூடிக் கேட்டேன். கோடைத் தொடக்கத்தில் இருந்தே ஒருவருக்கும் தெரியாமல் இந்தத் தொழிலாளி செப்புப் பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்திருந்தார் என்று ஒரு வரி வந்தது.

"நிப்பாட்டும். அந்த வரியைத் திரும்ப வாசியும்."

திரும்ப வாசித்தார். எனக்குத் தலைக்குள் ஏதோ தெளிந்தது. குடம் வந்தது எப்போது? மீன் வைத்தியர் வந்து போன பிறகு. அவர் ஐஸ் பெட்டியில் கொண்டுபோன குஞ்சுகள் என் குடத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. நான் வைத்ததோ ஒரு தொட்டியில். செம்பு ஏறியிருந்ததோ ஆறு தொட்டிக் குஞ்சிலும்.

செஃப்பிடம் சொன்னேன். "மீன் போனது முதல். குடம் வந்தது பிறகு."

"பொய்" என்றார்.

இத்தாலிக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். சொல்லுங்கோ, எப்ப வைச்சனான்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்குப் பென்ஷனுக்கு இன்னும் சில மாதம்தான். நினைவில்லை என்றார். ரவியைப் பார்த்தேன். "அக்கா, எனக்கும் தெரியும், ஆனா நான் இதுக்குள்ளை வரேல்லை" என்று தமிழில் சொன்னார்.

தொழில் கற்றுத் தந்தவர் என்று இத்தாலிக்காரர்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அவரிடம் கற்ற கண்ணால்தான் கடைசி நாள்வரை வேலை செய்தேன். அதற்காக அன்றைக்கு அவர் வாயை மூடியதை நான் மன்னிக்கவில்லை. நல்லது செய்தவரிடம் கோபப்படக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும்.

வெளியே மழை கொட்டிக்கொண்டு இருந்தது.  ஜன்னலுக்கு வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம் கேட்டது. செம்பு, செம்பு என்று தாளில் திரும்பத் திரும்ப வருகிறதே, இந்தப் பண்ணையில் வேறு எங்கே செம்பு இருக்கிறது என்று யோசித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலேயே இருந்தது.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.  கூரை என்று நான் வாய் திறந்தால், அன்றைக்கு வைத்தியர் கேட்டபோது ஏன் இல்லை என்றாய் என்ற கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவள் நான். சொல்லாமல் விட்டால் குடம் மட்டும்தான் மேசையில் மிஞ்சும்.

எழும்பினேன். கொட்டில் சுவரில் மீன் வைத்தியரின் அட்டை ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து செஃப்புக்கு முன்னால் நின்றே என் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, இந்த நம்பருக்கு அடிச்சுச் சொல்லு. மழை பெய்யுது, இப்ப வரச் சொல்லு. கூரைத் தண்ணி தொட்டிக்குள்ளை போகுது எண்டு சொல்லு. அண்டைக்கு இல்லையெண்டு சொன்னது பிழை எண்டும் சொல்லு. அதை விடாதை."

"அம்மா, அதையும் ஏன் சொல்லுறியள்?"

"சொல்லு எண்டால் சொல்லு."

செஃப் மேசையில் கையால் அடித்தார். எனக்கு நீ வேலை சொல்லித் தருகிறாயா என்று கேட்டார்.  குடத்துக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போய் இருந்தேன். குடத்தை எடுக்கவும் விடவில்லை, தாளை எடுக்கவும் விடவில்லை.

அந்தப் பெண் மழைக்கோட்டோடு வந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே பீலிக் குழாயின் வாயில் போத்தலைப் பிடித்தார். பிறகு சேரும் தொட்டியில், ஊற்றில், ஆறு குஞ்சுத் தொட்டியிலும். பழைய கொட்டிலிலும் எடுத்தார். என் குடத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனார். நான் கூடவே போய் ஏணி நின்ற இடத்தைக் காட்டினேன்.

"நீங்கள் முதல் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நாங்கள் செம்பிலை தண்ணி குடிக்கிறனாங்கள். நல்லது எண்டு நினைச்சன்."

அவர் சொன்னார். நாங்கள் தண்ணீரைக் குடிக்கிறோம், கூடினதை உடம்பு கழித்துவிடும். மீன் தண்ணீரில் மூச்சு விடுகிறது, அதனால் செம்பு நேரே செவுளில் பிடிக்கும். புதுக் கூரையைக் கழுவி வரும் முதல் மழையில் செம்பு இன்னும் அதிகம். குஞ்சுக்கு மணம் தெரியாமல் போகும், தீனில் மனம் போகாது. தின்றதும் உடம்பைக் காப்பாற்றவே செலவாகிவிடும், வளர மிச்சம் இராது என்றார். இவ்வளவையும் எனக்கு விளங்கும் சின்னச் சின்னச் சொல்லில் சொன்னார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

முடிவு வந்தது. பீலித் தண்ணீரில் செம்பு. ஆறு தொட்டியிலும் செம்பு. பழைய கொட்டிலில் இல்லை. குடம் இருந்த முதல் தொட்டிக்கும் மற்ற ஐந்துக்கும் வித்தியாசம் இல்லை. குழாயைக் கழற்ற உத்தரவு வந்தது.

வைத்தியர் தன் அறிக்கையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்து முழுக்க வாசித்துக் காட்டினார். தொழிலாளி முதலில் மாற்றம் இல்லை என்று சொன்னார், பிறகு தானே திருத்தினார் என்ற வரியும் அதில் இருந்தது. "இதை எடுக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

செஃப் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. தன் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, சரி, இனி நல்லது என்றார். எனக்கு அது போதாது. விசாக் கடிதம் தாருங்கள் என்று மூன்று நாள் அலுவலக வாசலில் நின்றேன். வேலையில் பிழை விடாதவள் என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதையும் ரவியைக் கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசிப்பித்துத்தான் வாங்கினேன். ரவி வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் குஞ்சுகள் பிறகு தின்றன. ஆனால் விட்டுப்போன மாதங்களைப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் மற்ற மீனோடு நீந்தும்போது அவற்றைத் தனியாகத் தெரியும், கட்டையாக. பார்க்கும்போதெல்லாம் ஏணி பிடித்த என் கைதான் ஞாபகம் வரும். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவை ஒரு மாதம் முன்பே தப்பியிருக்கும். அது என் பங்கு. மிச்சம் முழுக்கக் கூரை போட்டவரின் பங்கு. ஆனால் இன்றைக்கும் சிரிக்கக் கிடைத்தது என் குடம்தான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கூரை செஃப்புடையது, குடம் எழுத்துத் தெரியாத தமிழ்ப் பொம்பிளையுடையது.

ஆகவே பிள்ளைகளே, மாறினது என்ன என்று யாராவது கேட்டால் மாறினது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நல்லது கெட்டது பிரிக்கிற வேலையை உங்கள் வாய்க்குள் வைத்துச் செய்யாதீர்கள். மீன் வளராவிட்டால் உங்கள் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள், கூரைவரை. உங்களைப் பற்றி எழுதின எந்தத் தாளையும் முழுக்கக் கேட்காமல் தொடாதீர்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வாசிக்க மறுக்கிறவருக்குத்தான் வெட்கம்.

போதும் மதுரா, பேனையை வை. இனி முதலில் இருந்து வாசி. மெதுவாக வாசி, நான் எங்கேயும் போகப் போவதில்லை. நான் இல்லை என்று சொன்ன இடத்தை மெலிதாக எழுதியிருந்தால் திருத்து. கூரையைப் பற்றினதையும் மெலிதாக்க வேண்டாம். முழுக்கக் கேட்ட பிறகுதான் கீழே என் பேரை வைப்பேன். ம், வாசி.